அரையே மாகாணி

மில்லை ஏலம் விட்ட அன்று
தறிச் சக்கரமும் பாய்லர் தகடும் போன பிறகு
மூலையில் கிடந்ததை ஒருத்தரும் கேட்கவில்லையாம்.
இவர் கேட்டுவிட்டார்.
கிலோ முப்பத்திரண்டு, இரும்பு விலைக்கு.
எடை மேடையில் நிறுத்தி வாங்கிய
அமெரிக்காக்காரன் மஸ்டாங்,
அறுபத்தெட்டாம் வருசத்தது.

என் இரண்டாவது லேத்துக்கு
எடுத்து வைத்திருந்த பணம் அது.

டிராக்டர் டிரெய்லரில் கணபதிக்கு வந்து இறங்கியது.
டயர் இல்லை. டிக்கிக்குள் கீரி குட்டி போட்டிருந்தது.
"மஸ்டாங்குன்னா காட்டுக் குதிரையாக்கும்" என்றார்.
அந்தியூர்ச் சந்தையில் குதிரைக்குப் பல் பார்ப்பார்கள்.
நான் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
எட்டு சிலிண்டரில் மூன்று சொத்தை.
மூடிவிட்டு வீட்டுக்குள் போனேன்.
பதினொரு வாரம் பேசவில்லை.

கூட்டுறவு பேங்கில் கணக்கு எழுதுகிற மனுசன்.
ஸ்பேனரையும் பேனா மாதிரிதான் பிடிப்பார்.
ராத்திரி பத்து மணிக்கு ஷெட்டில்
சறுக், சறுக் என்று வழுக்கும்.
நட்டின் முனை மழுங்குகிற சத்தம்.
லேத் ஓட்டுகிறவளுக்கு
அதைக் கேட்டுக்கொண்டு தூக்கம் வராது.

எழுந்து போனேன், வெர்னியரோடு.
பதினாலு ஏறாது, பதினைந்து ஆடும்.
"மில்லி இல்லீங்க இது. அங்குலம்.
பதினாறில் ஒன்பது."
அவர் விழித்தார்.
"அரையே மாகாணி" என்றேன்.
ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கேட்டுக் கேட்டு
காதில் தங்கிப்போன கணக்கு
ஒரு குதிரையின் முழங்காலில் போய்ப் பொருந்தியது.
பதினொரு வாரத்துக்குப் பின்
முதல் பேச்சு அதுதான்.

மறுநாள் லாரி ஆக்சில் துண்டில்
சாக்கெட் ஒன்று கடைந்து கொடுத்தேன்.
ரசீதும் போட்டேன்:
திரு. சென்னியப்பன், கூலி நானூற்றிருபது.

அதற்கப்புறம் எது சொந்தம், எது ஒட்டு என்று
சொல்ல முடியாது.
ரேடியேட்டர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியினுடையது.
சீட்டுக்குக் கரூர் பஸ்ஸின் ரெக்சின்,
தலை வைக்கிற இடத்தில் பாதி மயில்.
பெல்ட், எங்கள் கிரைண்டருடையது;
இரண்டு நாள் இட்லி இல்லை.
தண்ணி பம்பை மட்டும் யாரையும் தொட விடவில்லை.
ஆயிரம் கிணற்றுக்கு இம்பெல்லர் கடைந்த கை இது.
ஒரு காருக்கு ஆகாதா?

ஒன்று ஐந்து நான்கு இரண்டு
ஆறு மூன்று ஏழு எட்டு.
பொறி பற்ற வேண்டிய வரிசை.
காலண்டர் பின்னால் எழுதி ஷெட்டில் ஒட்டினார்,
ஆறையும் மூன்றையும் இடம் மாற்றி.
சாவி திருப்பியதும் சைலன்சர் வெடித்து
எதிர்வீட்டு ராமாத்தாள்
எலெக்ஷனா என்று எட்டிப் பார்த்தாள்.
திருத்தி மாட்டினேன்.
பிறகு அது உறுமிய உறுமலில்
அலமாரித் தட்டில் டம்ளர்கள் நகர்ந்தன.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவர் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

ஸ்டியரிங் இடது பக்கம்.
சத்தி ரோட்டில், அன்னூர் தாண்டி,
தேங்காய் மட்டை ஏற்றிய லாரி முன்னால்.
அவர் கண்ணுக்கு லாரியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது.
எதிரே வருவதெல்லாம் தெரிவது
வலது சீட்டில் இருக்கிற எனக்குத்தான்.

"போலாமா?"
"பொறுங்க. பஸ்ஸு."
"இப்ப?"
"டெம்போ வருது."

லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்.
புளியம்பட்டி வரைக்கும் பெட்ரோல் நிற்குமோ என்னவோ.
மட்டைத் தூசி முகத்தில் அடிக்கிறது.
எட்டும் ஒன்றாய் இழுக்கத் துடிப்பது
என் பாதத்தில் தெரிகிறது.

"இப்பவாச்சும் போலாமா?"

எதிரே ரோடு
கண்ணுக்கெட்டிய மட்டும் காலி.

இன்னும் சித்தெ நேரம்
லாரிக்குப் பின்னாலேயே வரட்டும்.
பதினொரு வாரத்தில்
ஒரு மாகாணி பாக்கி இருக்கிறது.